தமிழ்நாட்டில் ஒரு சிறை எப்படி நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாமீன் வாங்கித் தருவதுதான் என் தொழில். ஆனால் என்னிடம் வருகிற குடும்பங்கள் கேட்பதில் பாதி நீதிமன்றத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "உள்ள அடிப்பாங்களா சார்?", "போர்வை கொடுப்பாங்களா?", "ஆர்டர் வந்திருச்சு, ஏன் இன்னும் விடல?" இப்படித்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டுச் சிறைகளை மனதில் வைத்துதான் எழுதியிருக்கிறேன். மற்ற மாநிலங்களில் அமைப்பு ஏறக்குறைய இதுதான், பெயர்களும் விதிகளும் மாறும்.

சிறையை நடத்துவது போலீஸா?

இல்லை. காக்கி உடுப்பைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காவல்துறை வேறு, சிறைத்துறை வேறு. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் சிறைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் நம் ஊர்ச் சிறைகளை நடத்துவது மாநில அரசின் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. அடிப்படைச் சட்டம் வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம். அன்றாட நடைமுறைக்குத் தமிழ்நாடு சிறை விதிகள், 1983. மத்திய அரசு 2016இல் மாதிரிக் கையேடும் 2023இல் மாதிரிச் சட்டமும் கொண்டுவந்தது. மாதிரி என்றால் மாதிரிதான். மாநிலம் எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம், துறைத் தலைவர் நாற்காலியில் உட்காருவது பெரும்பாலும் ஐ.பி.எஸ். அதிகாரி. ஆனால் உங்கள் பிள்ளையைக் கைது செய்த இன்ஸ்பெக்டருக்கு, ரிமாண்ட் ஆன நிமிடத்திலிருந்து சிறைக்குள் எந்த அதிகாரமும் கிடையாது. மறுபடி விசாரிக்க வேண்டுமென்றால் நீதிபதியிடம் மனுப் போட்டு போலீஸ் கஸ்டடி வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

மேலிருந்து கீழே யார் யார்?

தலைமை அலுவலகம் சென்னை எழும்பூரில். துறைத் தலைவருக்குக் கீழே சரகத்துக்கு ஒரு டி.ஐ.ஜி. ஒவ்வொரு மத்தியச் சிறைக்கும் ஒரு கண்காணிப்பாளர், அவருக்குக் கீழே கூடுதல் கண்காணிப்பாளர், ஜெயிலர், துணை ஜெயிலர், உதவி ஜெயிலர். அப்புறம் தலைமைக் காவலர்கள், முதல்நிலை, இரண்டாம் நிலைக் காவலர்கள். "வார்டர்" என்று எல்லோரும் சொல்வது இந்தக் கடைசிப் படிகளில் இருப்பவர்களை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு, போலீஸ் கான்ஸ்டபிள், தீயணைப்பு வீரர் தேர்வோடு சேர்த்து ஒரே தேர்வாகச் சீருடைப் பணியாளர் வாரியம் நடத்துவது. உதவி ஜெயிலருக்கு டி.என்.பி.எஸ்.சி. அதிகாரிகளுக்குப் பயிற்சி வேலூரில் இருக்கும் சிறை நிர்வாக அகாடமியில். அது நமக்கு மட்டும் உரியதல்ல, தென்மாநிலங்கள் சேர்ந்து நடத்துவது.

வெளியே தெரியாத ஒரு விஷயம்: நன்னடத்தை அலுவலர்களும் இதே துறையின் ஒரு கிளைதான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பரோல் கேள்வியில் திரும்ப வரும்.

மத்தியச் சிறை, கிளைச் சிறை என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஆண்களுக்கான மத்தியச் சிறைகள் ஒன்பது: புழல் 1, புழல் 2, வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை. பெண்களுக்குத் தனிச்சிறைகள் ஐந்து: புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை. இதற்குக் கீழே மாவட்டச் சிறைகள், தாலுகா அளவில் கிளைச் சிறைகள். நீண்ட தண்டனைக்காரர்கள் மத்தியச் சிறையில். சின்ன வழக்கில் ரிமாண்ட் ஆகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் கிளைச் சிறையில். 18 முதல் 21 வயதுள்ள இளைஞர்களுக்குப் பார்ஸ்டல் பள்ளி. அதற்கு 1925ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. நன்னடத்தையோடு பல வருடம் கழித்த தண்டனைக் கைதிகளுக்குத் திறந்தவெளிச் சிறைகள்: கோவை சிங்காநல்லூர், சேலம், சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பு. அங்கே விவசாயமும் ஆடுமாடும்தான் வேலை.

புழலில் ஒரே வளாகத்தில் மூன்று சிறைகள். புழல் 1 தண்டனை பெற்றவர்களுக்கு, புழல் 2 விசாரணைக் கைதிகளுக்கு, மூன்றாவது பெண்களுக்கு. ரிமாண்ட் ஆன பையனைத் தேடி புழல் 1 வாசலில் இரண்டு மணி நேரம் நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1837ஆம் ஆண்டிலிருந்து இருந்த பழைய மத்தியச் சிறையை மூடிவிட்டு 2006இல்தான் எல்லோரையும் புழலுக்கு மாற்றினார்கள். வயதானவர்கள் இன்னும் "சென்ட்ரல் ஜெயில்" என்றால் அந்தப் பழைய இடத்தைத்தான் சொல்வார்கள். அங்கே இப்போது நிற்பது மருத்துவக் கல்லூரிக் கட்டடம்.

சிறைகள் நிரம்பி வழிகின்றனவாமே?

நாடு முழுக்கப் பார்த்தால் உண்மை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தார்கள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். தமிழ்நாட்டில் நிலைமை தேவலை. மொத்த இடத்தைவிட ஆட்கள் குறைவு. ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஒரு கிளைச் சிறை காலியாகக் கிடக்கும்போது இன்னொரு சிறையின் ரிமாண்ட் பிளாக்கில் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்காது.

உள்ளே போனதும் முதலில் என்ன நடக்கும்?

முதலில் காகிதம். நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இல்லாமல் யாரையும் உள்ளே எடுக்க முடியாது. எடுத்தால் கண்காணிப்பாளர் மேல்தான் பழி. வாரண்டைச் சரிபார்த்து, பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம் பதிந்து, நகை, பணம், பர்ஸ் எல்லாவற்றையும் எழுதி வாங்கி வைப்பார்கள். மருத்துவர் பார்ப்பார். உடம்பில் காயம் இருந்தால் அந்த இடத்திலேயே பதிய வேண்டும். இது கைதிக்கும் நல்லது, சிறைக்கும் நல்லது. போலீஸ் அடித்ததா சிறையில் அடித்ததா என்ற சண்டை பின்னால் வரும்போது இந்தப் பதிவுதான் பேசும். ரிமாண்டுக்கு முன்பே உங்கள் ஆளிடம் சொல்லிவையுங்கள்: டாக்டர் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லக் கூடாது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

சிறையின் உயிர் கணக்கில் இருக்கிறது. காலை ஆறு மணிவாக்கில் கதவு திறக்கும்போது ஒரு கணக்கு, மாலை ஆறு மணிவாக்கில் அடைக்கும்போது ஒரு கணக்கு. நடுவிலும் உண்டு. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து எண்ணுவார்கள். ஒவ்வொரு பிளாக்கின் எண்ணிக்கையும் மெயின் கேட்டுக்கு வரும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர், கோர்ட்டுக்குப் போனது எத்தனை, கிச்சனில் எத்தனை, எல்லாம் கூட்டி மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று உதைத்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். பணியில் இருக்கும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஒரு முறை மாலையில் ஒரு சிறை வாசலில் காத்திருந்தபோது, உள்ளே கணக்கு உதைத்து முக்கால் மணி நேரம் எல்லாம் நின்றுபோயிற்று. கடைசியில் பார்த்தால், மாத்திரை வாங்கப் போன ஒரு பெரியவரை இரண்டு இடத்திலும் எண்ணியிருக்கிறார்கள். "அந்தத் தாத்தாவால எனக்குக் கடைசி பஸ்சு போச்சு சார்" என்றார் வெளியே வந்த காவலர்.

மாலை கணக்கு முடிந்து பூட்டிவிட்டால் மறுநாள் காலைவரை அசாதாரணக் காரணம் இல்லாமல் திறக்கமாட்டார்கள். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜாமீன் கேள்வியில் வரும்.

இன்னமும் களிதானா?

இல்லை. "களி திங்கப் போறான்" என்பது பேச்சில் மட்டும்தான் மிச்சம். காலையில் பொங்கல், உப்புமா மாதிரி ஏதாவது, மதியம் சோறு, சாம்பார், பொரியல். வாரத்தில் கோழிக்கறி நாளும் உண்டு. சமைப்பது கைதிகளே. ருசியைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியாது. எடை குறைந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், தொப்பையோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மனுப் பார்ப்பது எப்படி?

சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கு நம் ஊரில் "மனுப் பார்க்கிறது" என்று பெயர். விண்ணப்பம் கொடுத்துப் பார்ப்பதால் அப்படி. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, முன்பதிவு வேண்டுமா என்பது சிறைக்குச் சிறை மாறும். தண்டனைக் கைதிக்கு ஒரு கணக்கு, விசாரணைக் கைதிக்கு ஒரு கணக்கு. அதனால் கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஆதார் அட்டை அசலைக் கொண்டுபோங்கள். செல்போன் வெளியிலேயே. வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோய் அழாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். கைதியின் பெயரில் சிறைக் கணக்கில் பணம் கட்டினால் உள்ளே கேண்டீனில் பிஸ்கட், சோப்பு வாங்கிக்கொள்வார்.

முன்பெல்லாம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர் நின்று ஒரே நேரத்தில் கத்துவார்கள். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்றே தெரியாது. இப்போது பெரிய சிறைகளில் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இன்டர்காம். சத்தம் போயிற்று. ஆனால் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "முன்னாடி வலையில விரலாவது தொடலாம் தம்பி."

வீடியோவில் பார்க்கும் வசதி இருக்கிறது. தேசிய சிறைகள் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிந்து கொடுத்த எண்களுக்குக் கைதி உள்ளிருந்து போன் செய்யலாம், நிமிடக் கணக்குத்தான். வக்கீல் பார்ப்பது தனி நடைமுறை. அதைக் குடும்ப மனுக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

ஜாமீன் கிடைத்துவிட்டது. ஏன் இன்னும் விடவில்லை?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். கோபமாக வருகிற கேள்வியும் இதுதான்.

நீதிபதி "ஜாமீன் வழங்கப்படுகிறது" என்று சொன்னதும் கதவு திறப்பதில்லை. உத்தரவு நகல் வர வேண்டும். ஜாமீன்தாரர்கள் சொத்து அல்லது வருமானச் சான்றோடு கீழ்நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு அந்த நீதிமன்றம் சிறைக்கு விடுதலை உத்தரவு அனுப்பும். சிறையில் அதை வாரண்டோடு ஒப்பிடுவார்கள்: பெயர், தகப்பன் பெயர், குற்ற எண், சட்டப் பிரிவு. கூடவே, வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காகக் கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எல்லாம் ஒத்துப்போய் மாலை லாக்கப்புக்கு, அதாவது கணக்கெடுத்துப் பூட்டும் நேரத்துக்கு, முன் முடிந்தால் அன்றே வெளியே. தாண்டிவிட்டால் மறுநாள்.

ஒப்பிடுகிற இடத்தில்தான் உயிர் போகும். என் கட்சிக்காரர் ஒருவருக்கு வாரண்டில் தகப்பன் பெயர் "முருகேசன்", விடுதலை உத்தரவில் "முருகேஷ்". உதவி ஜெயிலர் நல்ல மனிதர்தான். ஆனால் திருத்தம் இல்லாமல் விட முடியாது என்றுவிட்டார். தப்பான ஆளை விட்டால் அவர் வேலை போகும். அன்று போகிக்கு முந்தின நாள். நீதிமன்றம் பொங்கல் விடுமுறை முடிந்து திறந்து, திருத்தம் வாங்கி, அவர் வெளியே வந்தபோது காணும் பொங்கலும் போய்விட்டது. அன்றிலிருந்து முதல் மனுத் தாக்கல் செய்யும்போதே வாரண்டில் உள்ள எழுத்தைப் பார்த்துத்தான் பெயர் எழுதுகிறேன். நீங்களும் வக்கீலிடம் அதைச் சொல்லுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஜாமீன் உத்தரவின் மென்நகலை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே போகாவிட்டால், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடக்கும் ஏழைகளுக்காகத்தான் இது. உங்கள் ஆள் அப்படிக் கிடந்தால் அந்தச் செயலாளரை நீங்களே போய்ப் பாருங்கள். கட்டணம் கிடையாது.

வழக்கு முடியவே இல்லை. எவ்வளவு காலம்தான் உள்ளே வைப்பார்கள்?

குற்றப்பத்திரிகை 60 நாளிலோ, பெரிய குற்றமென்றால் 90 நாளிலோ வராவிட்டால் ஜாமீன் உரிமை. போதைப்பொருள் மாதிரிச் சில சட்டங்களில் இந்தக் கெடு நீளும். அதற்கப்புறமும் இழுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479ஆம் பிரிவைப் பாருங்கள். அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும். மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்குப் பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தாலும் பொருந்தாது. முக்கியமான சங்கதி என்னவென்றால், அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது என்று பிரிவே சொல்கிறது. எழுதியாயிற்றா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாய்தாவுக்குக் கூட்டி வரவில்லையே?

"எஸ்கார்ட் இல்லை" என்பார்கள். கைதியைக் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போவது சிறைக் காவலர்கள் அல்ல, ஆயுதப்படைப் போலீஸ். ஊரில் தேரோ, தலைவர் வருகையோ இருந்தால் ஆள் கிடைக்காது. ரிமாண்ட் நீட்டிப்பு பெரும்பாலும் வீடியோவில் முடிந்துவிடுகிறது.

குண்டாஸ் போட்டால்?

குண்டர் தடுப்புச் சட்டம் என்று சொல்வது 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தை. இதில் நீங்கள் விசாரணைக் கைதியும் இல்லை, தண்டனைக் கைதியும் இல்லை, தடுப்புக் காவல் கைதி. உத்தரவு போடுவது கலெக்டர் அல்லது போலீஸ் கமிஷனர். 12 நாளில் அரசு ஒப்புதல், மூன்று வாரத்தில் அறிவுரைக் கழகத்துக்கு (காவல் நியாயமா என்று பார்க்கும் குழு), ஏழு வாரத்தில் அதன் அறிக்கை. அதிகபட்சம் ஒரு வருடம். தடுப்புக் காவல் கைதிகள் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல வருடமாக நாட்டில் முன்னணி. உயர் நீதிமன்றத்துக்குப் போனால் ரத்தாவது நிறைய. ஆனால் ரத்தாவதற்குள் சில மாதங்கள் போயிருக்கும். அதற்காகத்தான் போடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

வேடிக்கை என்னவென்றால், சிறையில் இருக்கும் மற்ற யாருக்கும் ஓட்டு இல்லை. தடுப்புக் காவல் கைதிக்குத் தபால் ஓட்டு உண்டு.

உள்ளே வேலை செய்தால் சம்பளம் உண்டா?

தண்டனைக் கைதிகளுக்கு உண்டு. வேலூரில் காலணி, கோவையில் நெசவு, புழலில் பேக்கரி. விற்பனைக்கு "ஃப்ரீடம்" என்ற பெயரில் சிறைச் சந்தைகள். சில ஊர்களில் பெட்ரோல் பங்க்குகளையே கைதிகள் நடத்துகிறார்கள், புழலில் பெண்கள் நடத்தும் பங்க்கும் உண்டு. கூலி வெளி உலகக் கூலிக்குப் பக்கத்தில் வராது. அதிலும் பராமரிப்புக்கு ஒரு பங்கு, பாதிக்கப்பட்டவர் நிதிக்கு ஒரு பங்கு பிடித்தம். செக்கிழுத்த செம்மல் என்று நாம் பாடத்தில் படித்த வ.உ.சி. அந்தச் செக்கை இழுத்தது கோவைச் சிறையில்தான். கைதியின் உழைப்பு என்றால் எனக்கு முதலில் அந்தச் செக்குத்தான் நினைவுக்கு வரும். பெட்ரோல் பங்க் அதைவிட எவ்வளவோ மேல்.

ஆயுள் என்றால் 14 வருடம்தானே? பகல் ஒரு நாள், இரவு ஒரு நாள் என்று கணக்கா?

இரண்டும் கட்டுக்கதை. ஒரு நாள் என்றால் 24 மணி நேரம்தான். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க என்று உச்ச நீதிமன்றம் 1961லேயே சொல்லிவிட்டது. 14 என்ற எண் வேறெங்கிருந்தோ வருகிறது: மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, 14 வருடம் முடியும் முன் சாதாரணச் சட்டப்படி அரசு முன்விடுதலை செய்ய முடியாது. அதாவது 14 என்பது வாசல், வெளியே போகும் வழி அல்ல. ஆளுநர் பெயரில் அரசியல் சாசனத்தின் 161ஆம் பிரிவின்படி விடுவிக்கும்போது இந்த வரம்பு கிடையாது. 2008இல் அண்ணா நூற்றாண்டுக்கு ஏழு வருடம் முடித்த 1,405 ஆயுள் கைதிகள் வெளியே வந்தார்கள். அதே 161இல் பேரறிவாளனுக்கு அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தும் கோப்பு நகரவில்லை. உச்ச நீதிமன்றமே 2022 மே 18 அன்று விடுவித்தது.

பரோல் யாருக்குக் கிடைக்கும்?

தண்டனைக் கைதிக்கு மட்டும். விதிப் புத்தகத்தில் "விடுப்பு" என்று இருக்கும்: சாவு, கல்யாணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு, குறிப்பிட்ட வருடங்கள் கழித்தவர்களுக்குச் சாதாரண விடுப்பு. போலீஸ் அறிக்கையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் வேண்டும். நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். "அவன் வந்தா எங்களுக்குப் பயமா இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அதையும் எழுதுவார். விசாரணைக் கைதிக்கு அப்பா இறந்தால் வழி பரோல் அல்ல, இடைக்கால ஜாமீன். அதற்கு நீதிமன்றம் போக வேண்டும்.

சாதி பார்த்து அடைக்கிறார்களா?

அடைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்தது உயர் நீதிமன்றம்வரை போனது. மோதலைத் தவிர்க்கத்தான் என்று நிர்வாகம் சொன்னதை அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய தீர்ப்பில் அந்த நியாயத்தை நிராகரித்தது. பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. கட்டத்தை எடுப்பது சுலபம். தென்மாவட்டத்தில் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் போதும், சாதி தெரிந்துவிடும்.

கைக்குழந்தை இருக்கிற பெண் கைதானால்?

ஆறு வயதுவரை குழந்தை தாயோடு இருக்கலாம். பால், உணவு, தடுப்பூசி சிறையின் பொறுப்பு. 18 வயதுக்குக் கீழே உள்ள யாரையும் எந்த வழக்கிலும் சிறைக்கு அனுப்பக் கூடாது. வயதில் தகராறு என்றால் பள்ளிச் சான்றிதழோடு அன்றே நீதிபதியிடம் சொல்லுங்கள்.

திருச்சி சிறப்பு முகாம் சிறைதானே?

திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலேயே இருக்கிறது, சுவர் இருக்கிறது, காவல் இருக்கிறது. ஆனால் சட்டப்படி சிறை இல்லை. வெளிநாட்டவர் பற்றிய சட்டத்தின் கீழ் மாவட்ட நிர்வாகம் நடத்துவது. ராஜீவ் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களில் இலங்கைத் தமிழர்கள் நான்கு பேர் வீட்டுக்குப் போகவில்லை, இந்த முகாமுக்குத்தான் போனார்கள். சிறையிலாவது விடுதலைத் தேதி என்று ஒன்று உண்டு. முகாமில் இருப்பவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்தது அதற்காகத்தான்.

உள்ளே தப்பு நடந்தால் யாரிடம் சொல்வது?

மாவட்ட நீதிபதி சிறையைப் பார்வையிடுவார். அவரிடம் கைதி நேரடியாகப் பேசலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு, மனித உரிமை ஆணையம் இருக்கின்றன. சிறையில் யாராவது இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் பலன் தருவது பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் குடும்பம் போடும் மனுதான். 2024இல் வேலூரில் ஓர் ஆயுள் கைதியை அதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி அடித்ததாக வந்த புகார், அவருடைய தாய் நீதிமன்றம் போனதால்தான் சி.பி.சி.ஐ.டி. வழக்காக மாறியது. மனுப் பார்க்கும்போது ஆள் மெலிந்திருந்தாலோ, பேச்சு மாறியிருந்தாலோ தேதியோடு குறித்துவையுங்கள்.

புத்தகம் கொடுக்கலாமா?

தாராளமாக. சோதித்துவிட்டு உள்ளே விடுவார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் "கூண்டுக்குள் வானம்" என்று சிறைத்துறையே அரங்கு போட்டு நூலகத்துக்குப் புத்தகம் வாங்குகிறது. சட்டப் புத்தகம்தான் அதிகம் கிழிந்துபோகிறது என்று ஒரு நூலகக் கைதி சொன்னார்.

விடுதலை நாளில் என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு செட் துணி, செருப்பு. கைதான அன்று போட்டிருந்த துணி வழக்குச் சொத்தாகக் கோர்ட்டில் இருக்கலாம். வாங்கி வைத்த பொருள்களின் ரசீது இருந்தால் எடுத்துப்போங்கள், மோதிரத்தைக் கேட்டு வாங்கும்போது தேவைப்படும். மதியமே போய் வாசலில் இருங்கள், லாக்கப்புக்குள் காகிதம் முடிய வேண்டும். சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள், வருகிறவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் சேர்த்து.